உன் பல்செட்டு சமையலறையில்

கட்டில் மகாராணிக்கு,

உன் பல்செட்டைக் கடத்தியது நான்தான். சமையலறை மேடையில் ரொட்டிக்கும் அவித்த முட்டைக்கும் நடுவே இளித்துக்கொண்டிருக்கிறது. டிவி ரிமோட்டும், மகளிடம் கோள்மூட்டும் போனும் அங்கேதான்.

இடுப்பு ஆபரேஷன் முடிந்து ஆறு வாரம். "என்னங்க, தண்ணி! என்னங்க, தலகாணி!" என்று ஒரு நாளைக்கு நாலாயிரம் தடவை விரட்டினாய். முப்பது வருஷம் விளையாட்டு வாத்தியாராக இருந்தும் நான் இவ்வளவு ஓடியதில்லை. இன்னும் ஒரு வாரம் படுத்தே கிடந்தால் அப்புறம் எழுந்திருக்கவே முடியாது என்று நேற்று டாக்டர் சொன்னார். அதற்கு நீ, "அதான் இவர் இருக்காரே" என்றாய்.

இவர் இன்று லீவு.

வாக்கர் கட்டிலை ஒட்டியே நிற்கிறது. சமையலறை பதினெட்டு அடி. நத்தைகூட மத்தியானத்துக்குள் போய்ச் சேர்ந்துவிடும். அழுகை பலிக்காது, நேற்றே பார்த்துவிட்டேன்.

— இவர்

பி.கு.: என் பழைய விசிலை வாக்கரில் கட்டியிருக்கிறேன். விழுந்தால் மட்டும் ஊது. வாசற்படியில்தான் உட்கார்ந்திருக்கிறேன், பேப்பரைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு.

இன்னொன்று: என்னைத் திட்டுவதானால் பல்லை மாட்டிக்கொண்டு வாசல்வரை நடந்து வந்து திட்டு. கட்டிலிலிருந்து பொக்கைவாயால் திட்டினால் செல்லாது.