இடப்பக்கத்து நாற்காலி

பிப்ரவரி 11, செவ்வாய்

கடை திறந்ததும் வம்பு. ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர், "போன வாரம் வாங்கின கண்ணாடி, ஒண்ணுமே தெரியல, பவர் தப்பு" என்று சத்தம் போட்டார். வாங்கித் துடைத்துக் கொடுத்தேன். தெரிந்தது. போகும்போது, "முடி வெட்டிக்கிட்டீங்களாம்மா, நல்லாருக்கு" என்றார்.

கண்ணே தெரியவில்லை என்று வந்த மனிதருக்குத் தெரிகிறது. முதுகு வரை இருந்த பின்னலைக் கழுத்தோடு வெட்டி மூன்று நாளாகிறது, எங்கள் முதலாளிக்கு, அதாவது என் வீட்டுக்காரருக்கு, இன்னும் தெரியவில்லை. தினம் காலையில் என் மூக்குக்கு அரை அடி தூரத்தில் வந்து நின்று கண்ணாடியைக் கழற்றி, காதில் மாட்டும் கம்பியை நிமிர்த்தி, மறுபடி மாட்டிவிடுகிறவர். இருபத்தேழு வருஷப் பழக்கம். என்னைப் பார்க்கிறார் என்றுதான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இன்று கேட்டேவிட்டேன். "என் மூஞ்சியைப் பாத்து எத்தனை வருஷமாச்சு? கண்ணாடியைத்தானே பாக்குறீங்க?"

"மூஞ்சி நேராத்தான் இருக்கு. கண்ணாடிதான் சாஞ்சிருக்கு" என்றார்.

அதற்கு மேல் நான் பேசவில்லை. இனியும் பேசப்போவதில்லை.

பிப்ரவரி 12, புதன்

பேசவில்லை. அவருக்கு அதுவும் தெரியவில்லை.

பிப்ரவரி 15, சனி

ஆஸ்பத்திரி வராந்தா. மடியில் வைத்து எழுதுகிறேன், எழுத்து கோணுகிறது.

வியாழக்கிழமை காலை, கடையில். அவருடைய மேஜையிலிருந்து சின்ன ஸ்க்ரூ டிரைவர் கீழே விழுந்தது. எடுத்தார். மறுபடி விழுந்தது. நான் பார்த்தேன். பேச்சு நிறுத்தம் அல்லவா, கண்டும் காணாமல் இருந்தேன். மூன்றாவது தடவை அவர் குனியவே இல்லை. நிமிர்ந்து பார்க்கிறேன், வாய் ஒரு பக்கம் கோணியிருக்கிறது.

முதல் தடவை விழுந்தபோதே "என்னாச்சு"ன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா? ஒரு முடிக்காகவாடி ஒரு மனுஷன்கிட்ட வாயை மூடிக்கிட்டே?

நரம்பு டாக்டர் சொன்னார்: மூளையின் வலது பாதிக்குப் போகும் ரத்தக் குழாயில் அடைப்பு. மூளையிலிருந்து வரும் நரம்புகள் வழியில் பக்கம் மாறிவிடுகின்றனவாம். அதனால் வலது மூளையில் அடி, இடது கை கால் பலமிழந்துவிட்டது. சீக்கிரம் கொண்டுவந்தீர்கள், உயிருக்குப் பயமில்லை என்றார். சீக்கிரமாம். நான் இழந்த அந்தச் சில நிமிஷங்களை அவரிடம் சொல்லவில்லை.

ஆம்புலன்சில் என் கண்ணாடி விழுந்து, அதன் மேலேயே உட்கார்ந்திருக்கிறேன். வலது காதுக் கம்பி வளைந்து, ஸ்க்ரூ ஆடுகிறது. யார் சரி செய்வது?

பிப்ரவரி 24, திங்கள்

வீட்டுக்கு வந்தாயிற்று. பேச்சு தெளிவாகிவிட்டது. பிடித்துக்கொண்டால் பத்தடி நடக்கிறார்.

கட்டிலுக்கு வலப்பக்கம் ஜன்னல், அங்கே வருகிறவர்களுக்கு ஒரு நாற்காலி. இடப்பக்கம் எனக்கு ஒன்று. இருபத்தேழு வருஷமும் நான் படுத்த பக்கம் அதுதான்.

அவருடைய அக்கா, என் அண்ணி, வந்து இரண்டு நாளாகிறது. ஜன்னல் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு ஊர்க்கதையெல்லாம் சொல்கிறார். நன்றாகச் சிரிக்கிறார் இவர். நான் "தண்ணி வேணுமா?" என்று கேட்டால் அண்ணியைப் பார்த்து, "வேணாம்க்கா" என்கிறார். என் குரல் கேட்கிறது. என் பக்கம் திரும்பத்தான் மாட்டேன் என்கிறார்.

சாப்பாட்டில் பாதியைத் தொடுவதே இல்லை. நான் சமைத்தது என்பதாலா?

பிப்ரவரி 26, புதன்

அண்ணி சமையலறைக்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "தப்பா நெனச்சுக்காதே. 'அவ ஏன்க்கா என்னைப் பாக்கவே வர்றதில்ல, கடையே கதின்னு கெடக்குறாளா'ன்னு கேக்குறான்."

காலை ஆறு மணியிலிருந்து அவர் பக்கத்தில்தான் இருந்தேன். முகம் துடைத்துவிட்டது யார், ஆவியா?

குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். பேசாமல் இருந்ததற்குப் பழி வாங்குகிறார். அப்படித்தான் இருக்க வேண்டும்.

பிப்ரவரி 28, வெள்ளி

பழி வாங்கவில்லை. கண்ணில்தான் கோளாறு! எனக்கு ஏன் முதலிலேயே தோன்றவில்லை? முப்பது வருஷமாக ஊர்க் கண்ணையெல்லாம் சோதிக்கிறேன்.

கடையிலிருந்து எழுத்துப் பலகையைக் கொண்டுவந்து எதிர்ச்சுவரில் மாட்டினேன். ஒவ்வொரு வரியிலும் வலது பாதியை மட்டும் படித்தார். கடைசி வரியின் பொடி எழுத்துகூடத் தடுமாறவில்லை. அப்படியானால் இடது கண். மூடிவிட்டு வலது கண்ணால் படிக்கச் சொன்னேன். அதே பாதி. வலதை மூடினேன். அதே பாதி.

ஒரு கண் பழுதானால் இன்னொரு கண் முழு வரியையும் படிக்கும். இது எந்தக் கணக்கிலும் வரவில்லை. ஆனாலும் விட்டேனா? பவர் மாற்றி மாற்றி இன்று மூன்று கண்ணாடி செய்து மாட்டிவிட்டேன். மூன்றாவதைக் கழற்றி அண்ணியிடம் நீட்டி, "பழசே நல்லாத்தானே இருக்கு, நம்ம கடையில ஏன் இப்பிடி ஆளை விரட்டி விரட்டி விக்கிறாங்க?" என்றார்.

மார்ச் 3, திங்கள்

நரம்பு டாக்டரிடம் மூன்று கண்ணாடிக் கதையைச் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. ஒரு தாளில் நீளமாகக் கோடு போட்டு, நடுவில் புள்ளி வைக்கச் சொன்னார். முதலாளி கோட்டின் வலது ஓரத்தை ஒட்டி வைத்துவிட்டு, "கரெக்டா நடுவுல" என்றார் பெருமையாக. பிரேமின் மையத்தைக் கண்ணாலேயே அளக்கிற மனிதர்.

டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டார். "கண்ணு ரெண்டும் நல்லாருக்கும்மா. இடப்பக்கம் இருக்கறதையும் அது பாத்து உள்ள அனுப்பிடுது. வாங்கிக் கவனிக்க வேண்டிய எடம் வலது மூளையில இருக்கு, அங்கதான் அடி. தபால் வருது, வீட்ல ஆள் இல்ல."

"என் மேல கோவமோன்னு..."

"கோவப்படறதுக்கு நீங்க அங்க இருக்கறது தெரியணுமே? இடதுன்னு ஒரு பக்கம் இருக்குங்கறதே இப்ப அவர் மூளைக்கு மறந்துபோச்சு. உங்க குரல் கேக்கும். ஆனா ஆள் தெரியறது வலப்பக்கம் மட்டும்தான். அதனால அங்க இருக்கறவங்களுக்குப் பதில் சொல்லிடுவார்."

வீட்டுக்கு வந்ததும் அவர் பாதி சாப்பிட்டு நிறுத்திய தட்டை அப்படியே அரை வட்டம் திருப்பி வைத்தேன். "மறுபடி வெச்சியாக்கா? போதும்க்கா" என்று சொல்லிக்கொண்டே மீதியையும் சாப்பிட்டு முடித்தார். அண்ணி வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனார். சிரிப்பா அழுகையா, தெரியவில்லை.

பிறகு நான் எழுந்து கட்டிலைச் சுற்றிக்கொண்டு ஜன்னல் நாற்காலியில் போய் உட்கார்ந்தேன்.

"வந்துட்டியா?" என்றார். கண் கலங்கிவிட்டது அவருக்கு. "இத்தனை நாளா எங்க போன?"

"கடையில வேலை" என்றேன்.

மார்ச் 10, திங்கள்

ஒரு வாரம் சுகமாக இருந்தேன். வலப்பக்கம் உட்கார்ந்து அவருக்குச் செய்தித்தாள் படித்தேன், அவர் குறுக்கே பேசினார், நான் முறைத்தேன், பழையபடி.

இன்று டாக்டர் அனுப்பிய பயிற்சிக்காரப் பெண் வந்தாள். சின்ன உருவம், கணீரென்ற குரல், அண்ணி அவளுக்கு 'வெங்கல மணி' என்று பெயர் வைத்துவிட்டார். வந்ததும் முதல் காரியமாக என்னைக் கிளப்பினாள். "அம்மா, நீங்க அந்தப் பக்கம் போங்க. இடப்பக்கம்."

"அங்க உக்காந்தா என்னை அவருக்குத் தெரியாதும்மா."

"தெரியாததாலதான் அங்க. எல்லாரும் வலப்பக்கமே நின்னா மூளை எதுக்கு இடப்பக்கம் திரும்பணும்? செத்துப்போன எடம் திரும்பி வராது. ஆனா சுத்தி இருக்கற நரம்புங்க புதுசா வழி போட்டுக்கும். தேவை இருந்தாத்தான் போடும். அவருக்கு ரொம்பத் தேவைப்படற ஆள் யாரு? நீங்கதானே?"

கிடைத்தவரைத் திரும்பத் தொலைக்கச் சொல்கிறாள், புண்ணியவதி. மேஜையின் இடது ஓரத்திலும், தட்டின் இடது விளிம்பிலும் சிவப்பு நாடா ஒட்டினாள். சிவப்பு தெரிகிறவரை தேட வேண்டும், அதுதான் பாடம்.

இன்னொன்றும் சொன்னாள். பார்க்கிறதையெல்லாம் கொஞ்சம் வலப்பக்கம் தள்ளிக் காட்டுகிற கண்ணாடி ஒன்று இருக்கிறதாம். அதை மாட்டிக்கொண்டு ஒரு பொருளைத் தொடப் போனால் கை வலப்பக்கம் தவறும். தவறித் தவறி, மூளை கையை இடப்பக்கம் திருத்திக்கொள்ளும். கழற்றிய பிறகும் அந்தத் திருத்தம் கொஞ்ச நேரம் நிற்கும், இடப்பக்கத்துக் கதவு லேசாகத் திறக்கும். "சில பேருக்குப் பலன் தருது, சில பேருக்கு இல்ல. அந்தக் கண்ணாடிதான் இங்க கிடைக்கிறது கஷ்டம்."

முதலாளி கட்டிலிலிருந்து சொன்னார்: "கிடைக்கிறதாவது? நாங்க எதுக்கு இருக்கோம்?"

மார்ச் 15, சனி

ஒரு ஓரம் தடித்து மறு ஓரம் மெலிந்த லென்ஸ்கள் நேற்று வந்தன. லென்ஸ் தேய்ப்பது எப்போதும் அவர் வேலை, எனக்குச் சோதிக்க மட்டும்தான் தெரியும். கடை மெஷினில் தேய்த்துத் தேய்த்து வீட்டுக்குக் கொண்டுவந்து அவர் வலது கையில் கொடுத்தேன். விரலால் தடவியே, "மேல இன்னும் ஒரு நூல் தேய்க்கணும். தடி ஓரம் ரெண்டு கண்ணுக்கும் இடப்பக்கம் வரணும், மாத்திப் போட்டுடாதே" என்றார். இடப்பக்கம் என்ற சொல் தெரிகிறது. லென்ஸின் நெளிவு சுளிவு அத்தனையும் தெரிகிறது. அந்தப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற ஆள்தான் தெரியவில்லை. ஒரே மண்டைக்குள் ஒரு அறையில் விளக்கு எரிகிறது, அடுத்த அறை இருட்டு.

இன்று முதல் பயிற்சி. வெங்கல மணி நீட்டிய பேனாவைத் தொடச் சொன்னால் காற்றைத் தொட்டார், ஒரு சாண் தள்ளி. திட்டினார். இருபதாவது தடவைக்குள் சரியாகத் தொட்டார். கண்ணாடியைக் கழற்றியதும் மேஜையின் இடது பாதியில் இருந்த தம்ளரைத் தானாகவே எடுத்துக் குடித்தார். நான் கை தட்டிவிட்டேன், சின்னப் பிள்ளை மாதிரி.

மார்ச் 16, ஞாயிறு

காலையில் தம்ளர் அங்கேயே இருந்தது. தண்ணீர் இல்லை என்று அண்ணியைக் கூப்பிட்டார்.

மார்ச் 23, ஞாயிறு

மோசமான நாள். "உன் கையை எடு, என் வயித்து மேல கெடக்கு" என்றார் அண்ணியிடம். கிடந்தது அவருடைய இடது கை. அண்ணி தன் இரண்டு கையையும் தூக்கிக் காட்டினார். "அப்ப இது யார் கை?" என்று இவர் பயந்துபோய்க் கத்தினார். பயிற்சிக் கண்ணாடியைக் கழற்றி வீசினார்.

நானும் கத்திவிட்டேன். "உங்க கைதாங்க! இருபத்தேழு வருஷமா என் கண்ணாடியைப் பிடிச்ச கை! எனக்குத் தெரியாதா?"

குரல் வந்த பக்கம் அவர் திரும்பவில்லை. ஆனால் கத்துவதை நிறுத்திவிட்டார். அந்தக் கையை என் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு விரல் விரலாகப் பிடித்துவிட்டேன். அவருக்கு அது எட்டியதோ இல்லையோ. அவர் வீசிய கண்ணாடியை அண்ணி தேடி எடுத்து வந்து, "உடையல, நல்லா செஞ்சிருக்கே" என்றார்.

ஒரு நாள் கூடவா திரும்ப மாட்டீங்க?

ஏப்ரல் 1, செவ்வாய்

தட்டைத் திருப்பவில்லை. முக்கால் தட்டுச் சாப்பிட்டார். சிவப்பு நாடாவைத் தொட்டுப் பார்த்து, "இதை யாரு இங்க ஒட்டினது?" என்றார். மூன்று வாரமாக அங்கே இருக்கிறது.

ஏப்ரல் 5, சனி

கடையில் ஒரு வாடிக்கைக்காரி என் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள். "கண்ணாடிக் கடைக்காரம்மா கண்ணாடியே கோணலா இருக்கு!" பக்கத்துக் கடையில் கொடுத்தால் ஐந்து நிமிஷ வேலை. மெஷினில் லென்ஸே தேய்த்துவிட்டேன், எனக்கே ஒரு ஸ்க்ரூ முடுக்கத் தெரியாதா? செய்ய மனம் வரவில்லை. அது அவர் வேலை.

ஏப்ரல் 10, வியாழன்

அண்ணி நேற்றே ஊருக்குப் போய்விட்டார். ஜன்னல் நாற்காலி காலி. மத்தியானம் நான் என் நாற்காலியில், இடப்பக்கத்தில், சட்டைக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருந்தேன். பேசவில்லை. கோபத்தில் அல்ல, ஊசியில் கவனம்.

கட்டில் கிறீச்சிட்டது. நிமிர்ந்தேன். அவர் தலை மெதுவாகத் திரும்புகிறது. ஜன்னலை விட்டு, எதிர்ச்சுவர் தாண்டி, மேஜை, மேஜையின் சிவப்பு நாடா. அங்கே கொஞ்சம் நின்றது. வழக்கமாக அங்கிருந்து திரும்பிவிடும். கூப்பிடக் கூடாது என்பது வெங்கல மணியின் கண்டிப்பு. கூப்பிடவில்லை.

அவர் பார்வை நாடாவைத் தாண்டி வந்தது. என்னிடம் வந்து நின்றது.

"அங்க என்ன பண்ற?"

"சும்மா உக்காந்திருக்கேன்."

"கண்ணாடி சாஞ்சிருக்கு. இங்க கொண்டா."

என் வலது காதுப் பக்கம்தான் வளைந்திருக்கிறது. எதிரே இருந்து பார்க்கிற அவருக்கு அது இடப்பக்கம். கழற்றிக் கொடுத்தேன். பிரேமை நான் பிடித்துக்கொள்ள, அவர் வலது கையால் ஸ்க்ரூவை முடுக்கினார். இடது கையையும் மேலே தூக்கி வைத்தார். அது பெரிதாக ஒன்றும் செய்யவில்லை, கூட இருந்தது. கம்பியை நிமிர்த்தி எனக்கு மாட்டிவிட்டார். வழக்கம்போலக் கையை எடுத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போவார் என்று நினைத்தேன். போகவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தார்.

"முடி வெட்டிக்கிட்டியா?"

இரண்டு மாதமாகிறது. வளர்ந்து தோளைத் தொடப் பார்க்கிறது.

"ஆமா. நேத்துதான்" என்றேன்.

என் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார், மெதுவாக, பிரேமின் மையம் பார்க்கிற மாதிரி. "நல்லாருக்கு. ரெண்டு பக்கமும் சமமா வெட்டியிருக்காங்க."

நாளைக்கு முதல் வேலையாகப் போய் மறுபடி கழுத்தோடு வெட்டிக்கொண்டு வர வேண்டும்.