கழுத்தும் முகமும் சேரும் இடம்

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் கணினியைத் திறந்தேன். நாம் விளையாடிய விளையாட்டு தானாகவே புதுப் பதிப்புக்கு மாறியிருந்தது. உள்ளே போனால், பனிமலை அடிவாரத்தில் உன் வீராங்கனை நிற்கிறாள். கழுத்து வரை உன் நிறம். அதற்கு மேலே யாரோ ஒரு வெள்ளைக்காரியின் முகம். பின்னலைக் காணவில்லை. முகமும் கழுத்தும் சேரும் இடத்தில் வெட்டி ஒட்டியதுபோல ஒரு கோடு. நீ போய் ஏழு மாதம் ஆகிவிட்டது. உன்னைத் தூக்கிக்கொண்டு போன அன்றுகூட அழாமல் நின்றவள் நான். அந்தக் கோட்டைப் பார்த்ததும் அழுதுவிட்டேன்.

பாளையங்கோட்டை ஸ்டுடியோவில் நாம் இருவரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் ஐந்து வருடம் உட்கார்ந்திருந்தோம். கல்யாண ஆல்பங்களில் மணப்பெண்ணை இரண்டு படி வெளுப்பாக்குவதும், பருக்களைத் துடைப்பதும், மாப்பிள்ளையின் தொப்பையைக் குறைப்பதும்தான் வேலை. நீ சேர்ந்த மறுவருடம் உன் இடது புருவ ஓரத்தில் ஒரு வெண்புள்ளி வந்தது. பிறகு உதட்டோரம். பிறகு காதுக்குக் கீழே, கழுத்தில் பாதி. மருந்து, களிம்பு எல்லாம் ஒரு வருடம் பார்த்துவிட்டு நிறுத்தினாய். யாரையும் உன்னைப் படம் எடுக்க விட்டதில்லை. அடுத்தவர் முகங்களை மட்டும் நாள் முழுக்கச் சரிசெய்துகொண்டிருந்தாய்.

ஒரு மதியம், சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டே கேட்டாய்.

"உங்க வீட்டு கம்ப்யூட்டர்ல உந்தம்பி ஒரு விளையாட்டு போட்டிருக்கான்லா. அதுல நம்ம மூஞ்சிய வைக்க முடியுமாட்டி?"

முடியும் என்றேன். முடியும் என்பது மட்டும்தான் எனக்குத் தெரியும். விளையாட்டில் வரும் ஆட்களின் தோற்றத்தை மாற்ற யார் யாரோ செய்து இலவசமாகக் கொடுத்திருக்கிறார்கள். அவற்றை மாட் என்பார்கள். நிறத்துக்கு ஒன்று, புள்ளிக்கு ஒன்று, நீளப் பின்னலுக்கு ஒன்று, பாவாடை தாவணிக்கு ஒன்று என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் நான்கை இணையத்திலிருந்து இறக்கினோம். தனித்தனியாகப் போட்டால் நான்கும் ஒழுங்காக வந்தன. சேர்த்துப் போட்டால் ஒன்று மற்றொன்றைத் தின்றது. நிறம் வந்தால் புள்ளி போயிற்று. பின்னல் வந்ததும் முகமே மாறியது. ஸ்டுடியோவில் இதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். "என்ன பிள்ளேளா, நாலு மாட்டையும் ஒரே தறியில கட்டப் பாக்கியளா?" என்று முதலாளி அண்ணாச்சி சிரித்தார்.

உனக்குப் பொறுமை இருந்தது. எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, ஒவ்வொன்றாகப் போட்டு, ஒவ்வொரு தடவையும் விளையாட்டைத் திறந்து பார்த்தாய். "மொதல்ல கழுத்தப் பாரு. பொய்யினா அங்கன தெரிஞ்சிரும்" என்பாய். இரண்டாவது ஞாயிறு நீதான் கண்டுபிடித்தாய். "இந்த முடிக்குள்ள ஒரு மூஞ்சி ஒளிஞ்சு கெடக்கு, பாரு." பின்னலைச் செய்தவர் அதோடு தன் விருப்பப்படி ஒரு முகப்படத்தையும் வைத்திருந்தார். கடைசியாக வருவது முந்தியதை மூடிவிடும். அந்த முகத்தை மட்டும் அழித்தாய், பின்னல் நின்றது. நிறமும் புள்ளியும் அப்போதும் ஒரே இடத்துக்குத் தள்ளுமுள்ளு செய்தன. இரண்டையும் தனித்தனியாக வைக்கவே முடியாது, ஒரே படமாக்கிவிட வேண்டும் என்று சொன்னாய். அது நம் தொழில்தானே.

அதற்காகத்தான் நீ எனக்கு முகம் காட்டினாய். எங்கள் வீட்டு ஜன்னல் வெளிச்சத்தில் ஆறு படம். நேராக, இடம், வலம், மோவாயைத் தூக்கி. அவற்றைப் பார்த்து உன் புள்ளிகளை, உன்னுடையவற்றையே, நிறத்தின்மேல் வரைந்தேன். மூன்றாவது ஞாயிறு சாயங்காலம் பனிக்குள்ளே பாவாடை தாவணியும் வாளுமாக நீ நடந்தாய். கழுத்தில் கோடு இல்லை. அவளை வட்டமாகத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தாய். அம்மா கொண்டுவந்து வைத்த காப்பி ஆறிப்போயிற்று.

அதைக் கெடுத்தது நான்தான். உன் பிறந்தநாளுக்கு அந்த வீராங்கனையைப் பெரிதாக அச்சடித்துச் சட்டம் போட்டுக் கொடுத்தேன். கொடுக்குமுன் புள்ளிகளைத் துடைத்திருந்தேன். யோசித்துச் செய்யவில்லை. அச்சுக்குப் போகும் முகம் என்றால் கை தானாக அதைச் செய்யும்.

"இது யாரு?" என்றாய்.

"நீதான்."

"பெறகு எதுக்குட்டி மூணு வாரம் கெடந்து மெனக்கெட்டோம்?"

"படம் நல்லாருக்கட்டும்னுதான்..."

"கடைக்கு வாரவங்க மாதிரியே பேசுத."

அவ்வளவுதான் சொன்னாய். அதன் பிறகும் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாய், ஊறுகாய் கொடுத்தாய். ஆனால் ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வரவே இல்லை. மன்னித்துக்கொள் என்று சொல்லியிருக்கலாம். தானாக ஆறிவிடும் என்று இருந்துவிட்டேன். இரண்டு மாதம் கழித்து உனக்குக் காய்ச்சல் வந்தது. நாலாம் நாள் உன் அண்ணன் போன் செய்தார்.

அவரே மறுநாள் ஸ்டுடியோவுக்கு வந்தார், கண்ணீர் அஞ்சலி பேனர் அடிக்க. வீட்டில் இருந்ததெல்லாம் பழைய பள்ளிக்கூடப் படங்களாம்.

"உங்கிட்ட இருக்கும்லாம்மா?"

இருந்தது. அந்த ஆறில் நேராகப் பார்க்கும் படத்தைத் திறந்தேன். அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அந்த வெள்ளைய மட்டும் பைய எடுத்துரும்மா. சின்ன தங்கச்சிக்கு மாப்பிள்ள பாத்துட்டு இருக்கோம். நாலு பேரு வாராங்க" என்றார். அழுது அவர் முகம் வீங்கியிருந்தது. பத்து நிமிட வேலை. இந்தத் தடவை கை தானாகச் செய்தது என்று சொல்ல முடியாது. தெரிந்தேதான் செய்தேன்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு உன் ஊர் ஆழ்வார்குறிச்சிக்கு வந்தேன். உங்கள் தெருமுனையில் பேனர் கட்டியிருந்தது. உன் அம்மா அதன் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இத யாரு செஞ்சா?"

"நான்தான் அத்தை."

"எம் பிள்ள மூஞ்சி எங்கட்டி?"

கோபம் இல்லை அந்தக் குரலில். தெரியாத பொருளைப் பற்றிக் கேட்பதுபோலத்தான் கேட்டாள். சாப்பிடாமல் கிளம்பி பஸ் ஏறிவிட்டேன்.

போன ஞாயிறு உடைந்ததைச் சரிசெய்ய உன் முறைப்படியே எல்லாவற்றையும் எடுத்துவிட்டு ஒவ்வொன்றாகப் போட்டேன். மதியம் தாண்டிவிட்டது. முகப்படத்தைத் தேடும்போது அந்த ஆறு படங்களும் கிடைத்தன. திங்கட்கிழமை ஒன்றை அச்சடித்தேன், எதையும் தொடாமல். சாயங்காலமே ஆழ்வார்குறிச்சிக்குக் கொண்டுபோனேன்.

அத்தை படத்தை மடியில் வைத்துக்கொண்டு உன் புருவ ஓரத்தை விரலால் தடவினாள். உதட்டோரத்தைத் தடவினாள். நெடுநேரம் கழித்து எழுந்து, பீரோவில் சேலைகளுக்கு அடியில் படத்தை வைத்தாள்.

"சின்னவ கல்யாணம் முடியட்டும். பெறகு வெளிய மாட்டுதேன்."

அவளை நான் குறை சொல்ல முடியுமா? என்னை மன்னித்தாளா என்றும் தெரியவில்லை. நான் கேட்கவில்லை. உன்னிடமும் கேட்கவில்லைதானே.

இன்றும் அதே நாற்காலியில்தான் இருக்கிறேன். இன்று காலையில்கூட ஒரு பெண்ணை இரண்டு படி வெளுப்பாக்கினேன், அவளுடைய சித்தி பின்னால் நின்று சொல்லச் சொல்ல. உன்னால் ஒன்று மட்டும் மாறியிருக்கிறது. பேனர் விஷயத்துக்குப் பிறகு, எந்த முகத்தில் கைவைக்குமுன்னும் அதை வந்தபடியே ஒரு பிரதி எடுத்துத் தனியாக வைத்துவிடுகிறேன். இடத்தை அடைக்கிறது, அழி என்கிறார் அண்ணாச்சி. சரி என்கிறேன், அழிப்பதில்லை. முந்நூறு முகத்துக்குமேல் சேர்ந்துவிட்டது. இதுவரை யாரும் கேட்டு வரவில்லை.