வெட்கச் சதுக்கத்தில் எடுத்த படங்கள்

அக்கா,

குதிரை வண்டிகள் நிற்கும் அந்த முனையில் மூத்திர நாற்றம் இன்னும் அப்படியேதான் இருக்கிறது. நேற்று மூக்கைப் பொத்திக்கொண்டு அதைக் கடந்தபோது உங்கள் நினைப்பு வந்துவிட்டது. பக்கத்தில் உங்கள் மகள் நடந்துகொண்டிருந்தாள். உங்கள் அடக்கச் சடங்குக்கு வராதவள், இப்போது லண்டனிலிருந்து கணவனோடு பலெர்மோ பார்க்க வந்திருக்கிறாள். "அன்ரி, அம்மா நிண்டு படம் எடுத்த இடத்தைக் காட்டுங்கோ" என்று கேட்டாள்.

உங்களுக்கு வியாழன் பின்னேரம்தான் ஓய்வு. லிபெர்த்தா தெரு வீட்டில் நீங்கள் பராமரித்த அந்தக் கிழட்டு சிஞ்ஞோராவைக் கட்டிலில் சாய்த்துவிட்டு பிரெத்தோரியா சதுக்கத்துக்கு ஓடி வருவீர்கள். நடுவில் பெரிய நீரூற்று, சுற்றிவரப் பொட்டுத் துணியில்லாத பளிங்குச் சிலைகள். இந்த ஊர்ச் சனமே அதை வெட்கச் சதுக்கம் என்றுதான் சொல்லும். மன்னாரில் உங்கள் அம்மா பார்க்கப்போகும் படத்தில் ஒரு சிலையும் விழக்கூடாது. ஒன்றைக் குடையால் மறைப்பீர்கள், இன்னொன்றை முதுகால். "கொஞ்சம் அங்காலை தள்ளுங்கோ, பின்னாலை ஒருத்தன் எட்டிப் பாக்கிறான்" என்பேன். உங்களுக்குச் சிரிப்பு வெடிக்கும். அந்தப் படத்தையே ஊருக்கு அனுப்புவோம்.

நேற்று மகள் கைபேசியை நீட்டினாள். "இது நான் பெரியபிள்ளையாகி, என்ரை சாமத்தியவீட்டண்டு எடுத்தது. நான் அங்கை தாயில்லாமல் மணவறையிலை இருந்து அழுறன். அம்மா இஞ்சை நிண்டு சிரிக்கிறா. எங்களை விட்டிட்டு நல்லாத்தான் இருந்தவ."

அந்த நாள் எனக்கு மறக்குமா? இங்கே தங்குவதற்கான பெர்மேசோ அட்டையைப் புதுப்பிக்கக் கொடுத்து, அது கைக்கு வராமல் இழுபட்டுக்கொண்டிருந்தது. ஊருக்குப் போனால் திரும்பி வர விடமாட்டார்கள். அவளுடைய படிப்பு உங்கள் உழைப்பில் தொங்கிக்கொண்டிருந்தது. சதுக்கத்துப் படியில் குந்தியிருந்து வாய்விட்டு அழுதீர்கள். வீட்டுக்குப் போவோம் என்றேன். லேஞ்சியால் முகத்தை அழுத்தித் துடைத்துவிட்டு, "படத்தை எடடி, பிள்ளை பாத்துக்கொண்டிருப்பாள்" என்றீர்கள். நான் பகிடி ஒன்றும் விடவில்லை. நீங்களாகவே சிரித்தீர்கள்.

இதையெல்லாம் அவளிடம் சொன்னேன். "நீங்கள் அம்மான்ரை சிநேகிதி. அப்பிடித்தானே சொல்லுவியள்" என்றாள். பிறகு சிலைகள் எல்லாம் விழும்படி நின்று கணவனைப் படம் எடுக்கச் சொன்னாள்.

அவளை அறையவேண்டும் போல இருந்தது. பஸ்ஸில் திரும்பி வரும்போது கோபம் உங்கள் பக்கம் திரும்பிவிட்டது. மண்ணுக்குள் போனவர்மேல் கோபப்படுவது பாவம் என்று தெரிகிறது, ஆனாலும் ஆறவில்லை. ஒரே ஒரு படத்துக்கு அழுத முகத்தோடு நின்றிருக்கலாமே, அக்கா. அவளுக்கும் ஒரு தாய் இருந்திருப்பாள்.