திரையைப் போட்டோ பிடித்து அனுப்பாதே

இன்று காலை உன் கணினியில் கர்சர் போன இடமெல்லாம் வாலை இழுத்துக்கொண்டே போனது. வீட்டு வரைபடத்தில் சுவர்க் கோட்டின் மேல் ஒரு வால், வாசற்படியின் மேல் ஒரு வால், எழுத்துகளின் மேல் கறுப்புக் கறுப்பாகத் திட்டுகள். உன் நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தேன். மவுஸில் இன்னும் உன் தலைவலித் தைலத்தின் வாசனை போகவில்லை. "அடியே, வந்து பாருடி" என்று வாய்வரைக்கும் வந்துவிட்டது.

நீ போனதிலிருந்து அந்தக் கணினியை நான் தொடவே இல்லை. பெயிண்ட் கடைக்கு மேலே நம் ஆபீசில், ஒரு துண்டைப் போட்டு மூடி வைத்திருந்தேன். என் லேப்டாப்பிலேயே வீட்டு பிளான்களைப் போட்டுக் காலத்தை ஓட்டிவிட்டேன். ஆனால் எலவனாசூர்கோட்டை சுசீலா அக்கா வீட்டு வரைபடம் உன்னுடையதில் மட்டும்தான் இருந்தது. என் லேப்டாப்பில் இருக்கிற பழைய கேட் (CAD) மென்பொருள் அதைத் திறக்க மாட்டேன் என்று அடம் பிடித்தது. அந்த மனையை நீதான் போய் அளந்து, சுவர்களையும் போட்டு வைத்திருந்தாய். "தூணை மட்டும் நீ வெச்சிடு எஸ்து" என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு சொன்னாய்.

நேற்று வேறு வழியில்லாமல் துண்டை எடுத்தேன். நெட் கிடைத்ததும் அது கேட்காமல் கொள்ளாமல் அப்டேட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு, தானாகவே அணைந்து எழுந்தது. நான் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. படம் திறந்தது, சுவரெல்லாம் தெரிந்தது, போதும் என்று தூண்களை வைத்தேன். அதற்குள் முருகேசன் மேஸ்திரி போன் மேல் போன். "நாளைக்கிக் காலைல அஸ்திவாரத்துக்குப் பாஸ்டர் வந்து ஜெபம் பண்ணப் போறாரு மேடம். நான் சுண்ணாம்பு போட்டுக் குறிக்க வாணாமா?" பதற்றத்தில் திரையை அப்படியே செல்போனில் படம் பிடித்து அவருக்கு அனுப்பிவிட்டேன்.

நீ இருந்திருந்தால் அந்த இடத்திலேயே என் கையிலிருந்து போனைப் பிடுங்கியிருப்பாய். ஊரில் எல்லா மேஸ்திரிகளும் அப்படித்தான் கேட்கிறார்கள், எல்லோரும் அப்படித்தான் அனுப்புகிறார்கள். உனக்கு மட்டும் அது ஆகாது. "திரையப் போட்டோ புடிச்சி அனுப்பாதடி. பேப்பர் குடு. திரை பொய் சொல்லும்" என்பாய். உனக்கு வேறு வேலை இல்லை என்று நான் நொடித்துக்கொள்வேன்.

திரை பொய் சொன்ன ஒரு நாள் உனக்கு நினைவிருக்கும். கல்வராயன் மலையிலிருந்து ஒருவர், வெள்ளிமலையில் கடை கட்டுவதற்காக முதல் பஸ் பிடித்து இறங்கி வந்து நம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். உன் கணினியில் எனக்கு அன்றும் இதே வால், இதே கறுப்பு. பாதிக் கோடுகளைக் காணோம். படமே போய்விட்டது என்று அழுதுகொண்டே மறுபடி முதலிலிருந்து வரைய ஆரம்பித்தேன். நீ வேர்க்கடலையைக் கொறித்துக்கொண்டே வந்து நின்றாய்.

"கைய எடு. படத்தத் தொடாத. கெட்டது படம் இல்ல, கிராபிக்ஸ் கார்டு."

கேட் உள்ளே போய், படத்தைக் கார்டு வழியாகக் காட்டும் ஹார்டுவேர் ஆக்ஸிலரேஷனை நிறுத்தினாய். கோடுகளெல்லாம் திரும்பி வந்தன. அப்புறம்தான் காரணத்தைச் சொன்னாய். சென்னையில் நாம் செகண்ட் ஹேண்டில் வாங்கிய கிழட்டு கார்டு அது. அதற்குப் போய்ப் புத்தம் புது டிரைவர் சாப்ட்வேரைப் போட்டால் கேட் மென்பொருளுக்கும் கார்டுக்கும் ஒத்துப்போகாது. பழைய டிரைவரைத் தேடிப்பிடித்துப் போட்டாய். அப்டேட்டோடு புது டிரைவரும் வந்துவிடும் என்பதால், கணினி கேட்கும்போதெல்லாம் 'பிறகு' என்று தள்ளிப் போடுவது அன்றிலிருந்து உன் வேலையாயிற்று. நீ போன பிறகு தள்ளிப் போட ஆள் இல்லை. எனக்கு அது தோன்றவே இல்லை பார்.

அன்று என் கண்ணைத் துடைக்கச் சொல்லிவிட்டு நீ சொன்னது: "கோடு எங்கியும் போவலடி. உனுக்குத் தெரியல, அவ்ளோதான்."

அது நினைவுக்கு வந்ததும்தான் இன்று எனக்கு நிஜமான பயம் பிடித்தது. அப்படியென்றால் நேற்று என் கண்ணுக்கு எது தெரியவில்லை? எதன் மேல் நான் தூண் வைத்தேன்? ஆக்ஸிலரேஷனை நிறுத்தலாம் என்று போனால் மெனுவே கறுத்துவிட்டது. வேறு எதையும் தொடாமல் பிரிண்ட் கொடுத்தேன். நீ சொல்வாயே, கார்டு கெட்டாலும் பேப்பர் கெடாது என்று. பேப்பர் வெளியே வந்தது. வீட்டின் பின்பக்க மூலையில், நேற்று திரையில் வெறும் வெள்ளையாக இருந்த இடத்தில், விட்டு விட்டுப் போட்ட கோட்டில் ஒரு வட்டம். பக்கத்தில் 'பழைய கிணறு, மூடியது' என்று நீ எழுதியிருந்தாய். வட்டத்தின் நட்டநடுவில் என் தூண்.

மேஸ்திரி நம்பரைத் தப்பாக அழுத்திவிட்டு மறுபடி அழுத்தினேன்.

"கெணறா? இன்னா மேடம் சொல்றீங்க? தரை கல்லு மாரி கீது. ஆளுங்க கடப்பாரையத் தூக்கிட்டாங்க."

"நிறுத்துங்க அண்ணே. அந்த மூலையத் தொடாதீங்க."

சுசீலா அக்கா போனை வாங்கினார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ் வேலை பார்த்துச் சேர்த்து, அவர் குடும்பத்திலேயே முதன்முதலாகக் கட்டுகிற மாடி வீடு அது. "ஏம்மா, பாஸ்டர் வந்துக்கினு கீறாரு. சொந்தக்காரங்க அத்தினி பேரும் வந்து நிக்கிறாங்க. மனைய வித்தவரு கெணறுன்னு ஒண்ணும் சொல்லலியே. இப்பப் போயி இப்டி சொல்றியே?"

உன்மேலேயே ஒரு நிமிடம் சந்தேகப்பட்டேன், கோபித்துக்கொள்ளாதே. அந்த மனையை அளக்கப் போன நாளில் உனக்கு உடம்பு நெருப்பாகக் கொதித்தது. மயக்கத்தில் எதையாவது தப்பாகப் போட்டிருந்தால்? அத்தனை பேர் முன்னால் அந்த அக்காவை நிறுத்திவிட்டு, ஒன்றுமில்லை என்று ஆனால் நான் எந்த முகத்தோடு போவேன்?

அப்போதுதான் உன் வழக்கம் ஞாபகம் வந்தது. எந்த மனைக்குப் போனாலும் நீ முதலில் டேப்பை விரிக்க மாட்டாய். பக்கத்து வீட்டில் தண்ணீர் கேட்பாய். சொம்பு காலியாகும் முன்பே அந்த மனையில் முன்னே என்ன இருந்தது, யார் வைத்திருந்தார்கள், மழைக்கு எந்தப் பக்கம் தண்ணீர் நிற்கும் என்று எல்லாவற்றையும் வாங்கிவிடுவாய். காய்ச்சலோ என்னவோ, தண்ணீர் குடிக்காமல் நீ திரும்பியிருக்க மாட்டாய்.

"ஜெபம் நடக்கட்டும்க்கா. ஆனா மொதல்ல அந்த மூலைய மட்டும் தோண்டிப் பாத்துடுங்க. ஒண்ணும் இல்லன்னா என்னத் திட்டுங்க" என்றேன்.

சும்மா காத்திருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது. டிரைவர் வேலையைப் பார்த்தேன். பழையதை நீ எந்த ஃபோல்டரில் வைத்திருக்கிறாய் என்பது இந்த ஆபீஸ் சிரித்த கதைதானே. ஃபோல்டரின் பெயரே 'எஸ்து தொடாதே.' தொட்டேன். புது டிரைவரை நீக்கி, பழையதைப் போட்டு, கணினியை அணைத்து எழுப்பினேன். எழுவதற்குள் என் புடவை முந்தானை முழுக்கக் கை வேர்வை. படம் திறந்தது. வால் இல்லை, கறுப்பு இல்லை. உன் வட்டம் அதன் இடத்தில் அமைதியாக உட்கார்ந்திருந்தது. திரை சொல்லி என்ன ஆகிறது? மண் சொல்ல வேண்டுமே. போனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மேஸ்திரிதான் கூப்பிட்டார். மூச்சு வாங்கியது அவருக்கு. "மேடம், இடுப்பளவு கூடத் தோண்டல. கடப்பாரை தானா உள்ள எறங்குது. ஒடஞ்ச செங்கல்லு, பாட்டிலு, சைக்கிள் டயரு, எல்லாம் குப்பதான். மேல மட்டும் கிராவல் கொட்டி இறுக்கி வெச்சிக்கிறானுங்க."

பின்னாலிருந்து சுசீலா அக்காவின் குரல் கேட்டது. "எம் புள்ளைங்க படுக்கிற ரூமும்மா அது. ஆண்டவரே." அப்புறம் அவர் அழுகிற சத்தம். நானும் அழுதேன்.

ஜெபத்தை மட்டும் முடித்துக்கொண்டு, அஸ்திவாரக் கடக்கால் வேலையைத் தள்ளி வைத்துவிட்டார்கள். போனை வைக்கும் முன் மேஸ்திரி கேட்டார். "யாரு மேடம் இத அளந்தது? கரெக்டா புடிச்சிருக்காங்க. தூணத் தள்ளிக் குறிக்கணுமில்ல, நாளைக்கி அந்தம்மாவயே வரச் சொல்லுங்க."

கோடு எங்கும் போகவில்லை என்றாயே, அந்தப் பேச்சு கோட்டுக்குத்தான் சரிடி, உனக்கு இல்லை. உன் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, போனைக் காதில் வைத்தபடியே நேற்று எடுத்துப் போட்ட துண்டை மடித்துக்கொண்டிருந்தேன். "ஹலோ, மேடம்?" என்றார். "நானே வரேன் அண்ணே" என்றேன்.

நான் தனியாக எந்த மனைக்கும் போனதில்லை என்பது உனக்குத் தெரியும். வெளிவேலையெல்லாம் உன்னுடையது, திரை என்னுடையது என்று பிரித்துக்கொண்டு இத்தனை காலம் ஓட்டிவிட்டோம். இப்போது உன் டேப்பை என் பையில் எடுத்து வைத்திருக்கிறேன். பிரிண்ட்டை நனையாமல் பிளாஸ்டிக் கவரில் போட்டிருக்கிறேன். மேஸ்திரி இன்னொரு போட்டோ கேட்டார், மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். பயமாகத்தான் இருக்கிறது. நாளைக்கு அந்த மனையில் இறங்கியதும் டேப்பை விரிக்க மாட்டேன். முதலில் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டித் தண்ணீர் கேட்பேன்.