சடைப் பூவும் மீசையும்

14 ஜூன் 2025, சனி
ஆவணியில் கல்யாணம். வரவேற்பில் போட, மாப்பிள்ளையின் குழந்தை முகம் இப்போதைய முகமாக மாறுகிற வீடியோ வேண்டுமாம். தென்காசியில் ஊரார் கல்யாணத்துக்கெல்லாம் ஸ்டுடியோவில் நான்தான் இதைச் செய்கிறேன். என் கல்யாணத்துக்கும் நானே. மார்ஃபிங் என்றதும் அம்மா பதறிவிட்டாள். “ஏட்டி, அதுக்குத்தான ஒருத்தன புடிச்சு உள்ள போட்டதா பேப்பர்ல வந்துது? மாப்பிள்ளை வேற போலீசு.”

16 ஜூன்
மாப்பிள்ளையின் அக்கா வேல்விழி மதினி அவருடைய குழந்தைப் படம் கொடுத்தார்கள். இருப்பதே இந்த ஒன்றுதானாம். மொட்டை போடுமுன் பெண் வேஷம் கட்டி எடுத்தது: பாவாடை, கண்மை, பொட்டு, சவுரி வைத்த சடை நிறையப் பிச்சிப்பூ. முன்பல் தெரிய ஒரு சிரிப்பு. “அவன்ட்ட காட்டிராத, கொன்னுருவான்.”
நிச்சயதார்த்தப் படங்கள் எதிலும் குத்தாலிங்கம் சிரிக்கவில்லை. போனிலும் “சாப்டியா”, “சரி”, “வைக்கட்டா”. சிரிக்காத மனுஷனோடு காலம் முழுக்க எப்படி? பயமாகத்தான் இருக்கிறது.

19 ஜூன்
கண்ணுக்குக் கண், மூக்குக்கு மூக்கு, தாடைக்குத் தாடை புள்ளி வைத்தேன். ஒரு முகம் இன்னொன்றுக்குள் வழுக்கிக்கொண்டு போகிறது. இரண்டே படம் போதும், நடுவிலுள்ள வருஷங்களை சாஃப்ட்வேரே இட்டு நிரப்பிவிடுகிறது – அப்படியொரு முகம் யாருக்கும் இருந்ததில்லை என்றாலும்.
ஆனால் ஒரு படத்தில் இருந்து மறு படத்தில் இல்லாததை என்ன செய்வதென்று அதற்குத் தெரியவில்லை. பூ, சட்டைக் காலர் மேல் ஆவியாக நிற்கிறது. பொட்டு போகுமுன்பே மீசை வந்துவிடுகிறது. மூடிய வாய்க்குள் பல் கரைந்து உதடெல்லாம் சாம்பல்.
இந்தச் சிரிப்பு எந்த வயதில் போனது?

22 ஜூன்
அவரிடமே துணிந்து கேட்டுவிட்டேன், பல் தெரிகிற படம் ஒன்று வேண்டுமென்று. “எதுக்கு?” என்றார். சொல்லிப் புரியவைக்க முடியாமல், பாதி மாறிய முகத்தையே வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அனுப்பிய பிறகுதான் மதினி சொன்னது ஞாபகம் வந்தது.
நீல டிக் விழுந்துட்டு. பதிலக் காணோம். எனக்கு எதுக்கு இந்த வேல? கல்யாணத்தையே நிறுத்திட்டா?

23 ஜூன்
பதில் இல்லை. நாள் முழுக்கச் சாரல்.

24 ஜூன்
காலையில் ஒரு படம் வந்தது. ஐந்தருவியில் சீசன் டூட்டி. நனைந்த காக்கி, கையில் போன், வாய்கொள்ளாச் சிரிப்பு. கீழே எழுதியிருந்தார்: “நீ அனுப்புனதப் பாத்து சிரிச்சப்போ கூட நிக்கிதவன் எடுத்தது. அனுப்பக் கூச்சமா இருந்துது. முன்பல்லு ஒண்ணு கோணல். பரவால்லயா?”
பல்லுக்குப் பல் புள்ளி வைத்தேன். சிரிப்பு இப்போது எங்கேயும் அறுபடவில்லை. பூ மட்டும் காக்கிக் காலர் மேல் கொஞ்ச நேரம் நிற்கிறது.
கோணல் பல்லை நேராக்குவது ஸ்டுடியோவில் எனக்குத் தினசரி வேலை. இதை நான் தொடவில்லை.