கிடங்கின் வாசற்கால்

திண்டிவனம்
மாசி, 1962

அன்புள்ள இருதயமேரிக்கு,

மாதா அருளால் சுகம். உன் மூட்டுவலி எப்படி? படித்துக் காட்டுகிறவரிடம், இது என் கையெழுத்தேதான் என்று சொல்.

முன்பு சத்திரமாக இருந்து பிறகு மல்லாட்டை மூட்டை அடுக்கும் கிடங்கான கட்டடத்தை இப்போது பள்ளிக்கூடமாக மாற்றுகிறோம். ஜன்னலுக்காகப் பெயர்க்கும் செங்கல்லைச் சுரண்டி, சமையல்கட்டுச் சுவருக்கு வைக்கிறோம். நேற்று ஒரு கல் என் காலில் விழுந்தது.

"கல்லு உடையலியே, பெரியவரே?" என்றார் மேஸ்திரி முருகையன்.

"கல்லு நல்லாதான் கீது. கால்தான் வீங்கிக்கினு கீது" என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். பயப்படாதே. கல்லைச் சுரண்டிச் சுரண்டி, சாயங்காலமானால் கையைத் தூக்கத்தான் முடியவில்லை.

கிடங்கின் தேக்கு வாசற்காலையும் கதவையும் மேஸ்திரி எனக்கே கொடுத்துவிட்டார். இடித்த வீட்டு மரம் குடும்பத்துக்கு ஆகாது என்பாய். இதை இடிக்கவில்லையே, பிள்ளைகள் படிக்கப்போகிறார்கள். வெறும் படலைச் சாத்திக்கொண்டு நீ தனியாகப் படுப்பதை நினைத்தால் எனக்குத் தூக்கம் வரவில்லை.

சம்மதமென்றால் நம் வாசலைக் கயிற்றால் அளந்து, இங்கே வேலைக்கு வரும் அந்தோணிசாமியிடம் கொடுத்தனுப்பு. அந்த அளவுக்கு அறுத்து எடுத்துவருகிறேன். வேண்டாமென்றால் மரம் பள்ளிக்கே இருக்கட்டும். நான் மட்டும் வந்து வாசலில் படுத்துக்கொள்கிறேன்.

மேஸ்திரி கூப்பிடுகிறார்.

உன் சவுரிராயன்