சுறாப்புட்டில் மீன் எண்ணெய்

துறைமுக வேலைக்குக் கிளம்பிய ஹென்றி, தூங்கும் மனைவியைத் திரும்பிப் பார்த்தான். சிரிப்பை அடக்க முடியாமல் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதினான்:

"ஃப்ளோரன்ஸு, கஞ்சி மூடி வெச்சிகீறேன். கோச்சுக்காத. புள்ள பொறந்து மூணு மாசமா ஒரு வார்த்த பேசாம அழுதுகினே இருந்தே. 'மீன் எண்ணெ குடுத்துப் பாரு, கேட்டாலும் கேக்கும்'னாரு டாக்டரு. ஸ்பூன நீட்டுனா நீ வாயே தொறக்கல. அதான் நேத்து மொத்த பாட்டிலையும் சுறாப்புட்டுல கவுத்துட்டேன். ஒரு வாய் வெச்சதும் துப்பிட்டு, 'யோவ், கடலோரத்து ராயபுரத்துக்காரிக்கே நாறுன மீனா?'ன்னு தட்ட வீசினே பாரு! தெருவே எட்டிப் பாத்துச்சு. எனக்குக் குதிக்கணும் போல இருந்துச்சு. எண்ணெ உள்ள போறதுக்கு முன்னாடியே வேல செஞ்சிடிச்சே!

புது பாட்டில் வாங்கியாறேன், ஸ்பூன்லயே குடி. சனிக்கெழம டாக்டராண்ட போலாம்."

கதவுவரை போனவன் திரும்பி வந்து, ஓரத்தில் நெருக்கி எழுதினான்: "நெளிஞ்ச தட்ட சரி பண்ணி வெச்சிகீறேன். சாயங்காலம் வீசறதுக்கு வேணுமே."